தானியம் இருந்தது, ரொட்டி இல்லை: 1917 ரஷ்யா, ஓர் எளிய விளக்கம்

ரஷ்ய மொழியில் 'ஹ்வோஸ்த்' என்றால் வால். முதல் உலகப் போர்க் காலத்தில் ரஷ்யத் தலைநகரான பெட்ரோகிராட் நகரத்துப் பெண்கள் அந்தச் சொல்லை வேறொன்றுக்கும் வைத்திருந்தார்கள். ரொட்டிக் கடை வாசலில் நீளும் வரிசைக்கும் பெயர் வால்தான். கடை காலையில் திறக்கும். வால் நள்ளிரவிலேயே முளைத்துவிடும். பனியில் கால்மாற்றி நின்று, முறைவைத்து இடம்பிடித்து, கடைசியில் கதவு திறந்ததும் "இன்றைக்குத் தீர்ந்துவிட்டது" என்று கேட்டுவிட்டு நேராக ஆலைக்குப் போகவேண்டும். வேலைக்குப் போகும் ஒரு பெண்ணுக்கு வாரத்தில் சுமார் 40 மணி நேரம் இப்படிப் பல வரிசைகளிலேயே கழிந்தது என்று வரலாற்றாசிரியர்கள் கணக்குச் சொல்கிறார்கள்.

ரேஷன் கடை வரிசையில் நின்று பழகியவர்களுக்கு ஒன்று தெரியும். சரக்கு வருகிறதோ இல்லையோ, செய்தி வந்துவிடும். யார் வீட்டுப் பையன் போரில் செத்தான், எந்தக் கடைக்காரன் பின்கதவு வழியாக மாவு விற்கிறான், அரண்மனையில் யார் ஆட்டிவைக்கிறார்கள், எல்லாம் அங்கேதான் பேசப்படும். ரஷ்ய மன்னரான ஜாரின் ரகசியப் போலீசுக்கும் இது தெரிந்திருந்தது. வரிசையில் நின்று நின்று ஓய்ந்துபோன தாய்மார்கள் எதிர்க்கட்சித் தலைவர்களைவிட ஆபத்தானவர்கள் என்று அவர்கள் மேலிடத்துக்கு அறிக்கையே அனுப்பினார்கள். மேலிடம் அதைப் படித்ததா என்பது வேறு விஷயம்.

"போர் வந்தது, பஞ்சம் வந்தது, புரட்சி வெடித்தது" என்று பள்ளிப் புத்தகம் ஒரே வரியில் முடித்துவிடும். பொய் இல்லை. ஆனால் பசியும் போரும் சேர்ந்தாலே ஆட்சி கவிழும் என்றால், உலக வரைபடம் பத்து ஆண்டுக்கு ஒருமுறை மாறியிருக்க வேண்டும். 1916-17 குளிர்காலத்தில் ஜெர்மனியில் உருளைக்கிழங்கு கிடைக்காமல் மக்கள் மாட்டுத் தீவனமாகப் போடும் கிழங்கைத் தின்றார்கள். அங்கே மன்னராட்சி இன்னும் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் நின்றது. ரஷ்யாவிலேயே 1905 இல் போர்த் தோல்வியும் வயிற்றுப்பாடும் ஒன்றாக வந்தன, ஜார் தப்பிவிட்டார். 1917 இல் தப்பவில்லை. இடையில் என்ன மாறியது என்று பார்த்தால், திருப்புமுனை என்பது எப்படி உருவாகிறது என்பது ஓரளவு பிடிபடும்.

காசு எங்கே போனது

போர் என்றால் முதலில் செலவு. 1914 ஆகஸ்டில் ஜெர்மனி ரஷ்யாமீது போர் அறிவித்தது. போர் முடிவதற்குள் ரஷ்யா படைக்குத் திரட்டியவர்கள் சுமார் 1.5 கோடிப் பேர். இவர்களுக்குச் சோறு, சப்பாத்து, துப்பாக்கி எல்லாம் வேண்டும். இந்த நேரம் பார்த்து அரசு ஒரு காரியம் செய்தது. படைதிரட்டலோடு வோத்கா விற்பனைக்குத் தடை போட்டது. போதையில் சிப்பாய்கள் வரக்கூடாது என்பது நல்ல எண்ணம்தான். ஆனால் ரஷ்யாவில் மது விற்பனை அரசின் ஏகபோகம். அரசு வருமானத்தில் சுமார் கால் பங்கு அதிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. சாராய வருமானத்தை நம்பி ஒரு கஜானா எப்படி ஓடும் என்று நமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. அதை ஒரே நாளில் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதுதான் புதுப் பாடம்.

பள்ளத்தை எப்படி நிரப்புவது? கொஞ்சம் வரி, கொஞ்சம் வெளிநாட்டுக் கடன், மீதிக்கு நோட்டு அச்சடிப்பது. அதற்கு முன்பு ரூபிள் நோட்டைக் கொடுத்தால் தங்கம் கிடைக்கும். போர் தொடங்கியதும் அந்த ஏற்பாட்டை நிறுத்திவிட்டார்கள். பிறகு அச்சகத்துக்குக் கடிவாளம் இல்லை. 1914 நடுவில் புழக்கத்தில் இருந்த நோட்டு சுமார் 160 கோடி ரூபிள். 1917 தொடக்கத்தில் அது 900 கோடியைத் தொட்டது. பொருள் பெருகாமல் நோட்டு மட்டும் பெருகினால் விலை ஏறும். இதற்குத்தான் பணவீக்கம் என்று பெயர். கூலியும் ஏறியது, ஆனால் விலைவாசி ஏறிய வேகத்துக்கு அதால் ஓட முடியவில்லை. போருக்குப் போன சிப்பாயின் மனைவிக்கு அரசு மாதாமாதம் ஓர் உதவித்தொகை கொடுத்தது. முதல் ஆண்டில் குடும்பத்துக்குக் கைகொடுத்த அந்தத் தொகை மூன்றாவது ஆண்டில் எதற்கும் போதவில்லை. இந்தப் பெண்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவார்கள்.

கிராமத்து விவசாயி என்ன கணக்குப் போட்டார்

இங்கேதான் கதை சிக்கலாகிறது, எனக்குப் பிடித்த இடமும் இதுதான். போருக்கு முன் உலகச் சந்தைக்குத் தானியம் அனுப்பிய நாடுகளில் ரஷ்யா முன்வரிசையில் இருந்தது. ஆண்டுக்குச் சுமார் 1 கோடி டன் தானியம் வெளியே போனது. துருக்கி எதிரணியில் சேர்ந்ததும் கருங்கடலின் வாசலான டார்டனெல்ஸ் நீரிணை மூடப்பட்டது. ஏற்றுமதி நின்றது. அப்படியானால் அந்தத் தானியம் எல்லாம் உள்நாட்டிலேயே தங்கியிருக்க வேண்டும், இல்லையா? விலைகூடச் சரிந்திருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு.

ஒரு சாதாரண விவசாயியின் இடத்தில் இருந்து பாருங்கள். வீட்டில் தானியம் இருக்கிறது. சந்தைக்குக் கொண்டுபோனால் நோட்டு கிடைக்கும். அந்த நோட்டை வைத்து என்ன வாங்குவது? ஆணி இல்லை, கலப்பைக்கு இரும்பு இல்லை, துணி யானை விலை, மண்ணெண்ணெய் கண்ணில் படவில்லை. ஆலைகள் எல்லாம் குண்டும் பீரங்கியும் செய்துகொண்டிருந்தன. இன்று கிடைக்கும் நோட்டு அடுத்த மாதம் பாதி பெறாது என்பதும் அவருக்குத் தெரியும். போதாக்குறைக்கு 1916 செப்டம்பரில் அரசு தானியத்துக்கு மட்டும் நிலையான விலை வைத்தது. விவசாயி வாங்கவேண்டிய பொருளின் விலை ஏறிக்கொண்டே போக, அவர் விற்கவேண்டிய பொருளின் விலை மட்டும் கட்டிப்போடப்பட்டது. அவர் என்ன செய்வார்? மாட்டுக்குப் போட்டார், வீட்டில் நன்றாகச் சாப்பிட்டார், வோத்கா தடையால் கிராக்கி ஏறியிருந்த கள்ளச்சாராயத்தைக் காய்ச்சினார், மிச்சத்தைக் குதிரில் வைத்துக்கொண்டார். பதுக்கல் என்று நகரம் திட்டியது. அவரைக் கேட்டால் பிழைப்பு என்று சொல்லியிருப்பார். நான் அவர் பக்கம்தான்.

இன்னொன்றும் உண்டு. சந்தைக்கென்றே விளைவித்தவை பெரும்பாலும் ஜமீன் பண்ணைகள். அவற்றின் கூலியாட்கள்தான் படைக்குப் போய்விட்டார்கள். அங்கே விளைச்சல் சரிந்தது. சிறு விவசாயியின் நிலம் தாக்குப்பிடித்தது, ஆனால் அந்த விளைச்சல் சந்தைக்கு வரவில்லை. வந்த தானியத்திலும் பெரும்பங்கு படைக்குப் போனது.

1916 இறுதியில் விவசாயத் துறையைக் கவனித்த அலெக்சாந்தர் ரித்திக் என்ற அதிகாரி ஒரு திட்டம் கொண்டுவந்தார். ஒவ்வொரு மாகாணமும் இத்தனை தானியம் கொடுத்தாக வேண்டும் என்று பங்குபிரித்து விதித்தார். 'ரஸ்வியோர்ஸ்த்கா' என்று அதற்குப் பெயர். இந்தச் சொல்லைக் கம்யூனிஸ்டுகளோடு சேர்த்துத்தான் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். பெற்றவர் ஜாரின் அமைச்சரவை, வளர்த்தவர்கள்தான் அவர்கள்.

ரயில்

தானியம் தெற்கில், தலைநகரம் வடமேற்கு மூலையில். நடுவில் இருந்தது ரயில்பாதை மட்டும். அந்த ரயிலே சிப்பாய்களையும் குண்டுகளையும் மேற்கு எல்லைக்குச் சுமக்கவேண்டும். பெட்ரோகிராட் ஆலைகளுக்கு நிலக்கரி முன்பு பிரிட்டனிலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்தது. பால்டிக் கடல் அடைபட்டதும் அதுவும் தெற்கே டான்பாஸ் சுரங்கத்திலிருந்து ரயிலில்தான் வரவேண்டும் என்றானது. இஞ்சின்கள் தேய்ந்தன, பழுதுபார்க்க உதிரிப்பாகம் இல்லை. 1917 தொடக்கத்தில் கடுங்குளிர் வேறு. பல இஞ்சின்கள் உறைந்து நின்றன, தானியப் பெட்டிகள் பனியில் சிக்கிக்கொண்டன. நகரத்தில் மாவு இருந்த பேக்கரிக்கு விறகு இல்லை, விறகு இருந்த பேக்கரிக்கு மாவு இல்லை. ஆக, ரஷ்யாவில் நடந்ததை நாம் சாதாரணமாகச் சொல்லும் பஞ்சம் என்ற சொல்லில் அடக்குவது சரியில்லை. விளைந்தது கைக்கு வந்துசேரவில்லை.

பிப்ரவரியின் ஐந்து நாட்கள்

தேதியில் ஒரு குழப்பம் வரும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்போது ரஷ்யாவில் பழைய நாட்காட்டி. நம் நாட்காட்டிக்கு 13 நாள் பின்னால் ஓடும். அதனால்தான் நம் கணக்குக்கு மார்ச்சில் நடந்ததை அவர்கள் பிப்ரவரிப் புரட்சி என்கிறார்கள். 1917 நிகழ்வுகளுக்குப் பழைய தேதிகளையே கொடுக்கிறேன்.

பிப்ரவரி 22 அன்று பெட்ரோகிராட்டின் மிகப் பெரிய ஆலையான புட்டிலோவில் கூலித் தகராறு முற்றிக் கதவடைப்பு. ரொட்டிக்குப் பங்கீட்டு அட்டை வரப்போகிறது என்ற பேச்சு ஏற்கெனவே பரவி, கடைகளில் தள்ளுமுள்ளு. மறுநாள் 23, அதாவது நம் கணக்கில் மார்ச் 8, மகளிர் தினம். குளிர் சற்றே விட்டுக்கொடுத்தது. வீபர்க் பகுதி நூற்பாலைப் பெண்கள் தறியை நிறுத்திவிட்டுத் தெருவுக்கு வந்தார்கள். பக்கத்து இரும்பாலைகளின் சன்னலில் பனிக்கட்டியை எறிந்து ஆண்களையும் வெளியே கூப்பிட்டார்கள். கோஷம் ஒரே சொல்தான், 'ஹ்லேபா', ரொட்டி. எந்தக் கட்சியும் அன்றைக்கு வேலைநிறுத்தத்துக்கு அழைப்பு விடுத்திருக்கவில்லை. பின்னாளில் கம்யூனிஸ்டுகள் என்று பெயர் மாற்றிக்கொண்ட லெனினின் கட்சியினரான போல்ஷெவிக்குகளும் இல்லை. லெனின் அப்போது சுவிட்சர்லாந்தில் இருந்தார்.

மறுநாள் தெருவில் இறங்கியவர்கள் இரண்டு லட்சம் அளவில். நகர மையத்துக்குப் போகும் பாலத்தைப் போலீஸ் மறித்தது. நேவா நதி உறைந்து கிடந்தது. கூட்டம் பனிமேல் நடந்தே அக்கரை சேர்ந்தது. கூட்டத்தை விரட்ட வந்த கோசாக் குதிரைப்படையினர் மனமில்லாமல் நின்றதை எல்லோரும் கவனித்தார்கள். அரண்மனையிலிருந்து மகாராணி தன் கணவருக்குக் கடிதம் எழுதினார்: இது வெறும் காலிகளின் கூத்து, குளிர் அதிகமாக இருந்தால் வீட்டிலேயே இருந்திருப்பார்கள் என்ற தோரணையில். அவருடைய கணவர் நிக்கோலஸ் அப்போது நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, மொகிலேவ் நகரில் படைத் தலைமையகத்தில் இருந்தார். 1915 இல் போலந்தையே இழந்து படை பின்வாங்கியபோது, தளபதி பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டு போனவர். அதன்பிறகு ஒவ்வொரு தோல்வியும் அவர் பெயரில்தான் எழுதப்பட்டது.

25 ஆம் தேதி இரவு அவரிடமிருந்து தலைநகரத் தளபதி ஹபாலோவுக்குத் தந்தி வந்தது. நாளைக்குள் கலவரத்தை அடக்கு. 26, ஞாயிறு. வொலின்ஸ்கி ரெஜிமென்ட்டின் பயிற்சிப் பிரிவு ஸ்னாமென்ஸ்கயா சதுக்கத்தில் கூட்டத்தை நோக்கிச் சுட்டது. அங்கே மட்டும் 40, 50 பேர் விழுந்தார்கள். அன்று மாலை தெருக்கள் காலியாயின. கதை அத்தோடு முடிந்தது என்றே அமைச்சர்கள் நினைத்திருப்பார்கள்.

அன்று இரவு அதே பிரிவின் முகாமில் தூக்கம் இல்லை. தீமஃபே கிர்ப்பிச்னிகோவ் என்ற சார்ஜென்ட் மற்ற சார்ஜென்ட்டுகளைக் கூட்டிப் பேசினார். நாளைக்குச் சுடப் போவதில்லை என்று முடிவெடுத்தார்கள். 27 காலையில் அணிவகுப்புக்கு வந்த கேப்டன் லஷ்கெவிச் முற்றத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். இனித் திரும்பிப்போக வழி இல்லை, தூக்குமேடைதான். அதனாலேயே அவர்கள் பக்கத்து ரெஜிமென்ட்டுகளின் முகாம்களுக்கு ஓடி அவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். இரவுக்குள் பல்லாயிரம் சிப்பாய்கள் தெருவில், ஆயுதக் கிடங்கு கூட்டத்தின் கையில்.

புரட்சியின் திருப்புமுனை எது என்று என்னைக் கேட்டால் 23 ஆம் தேதியைச் சொல்லமாட்டேன். 26 ஆம் தேதி இரவைச் சொல்வேன். ஏன் என்று புரிய 1905 க்குப் போகவேண்டும்.

ஏன் 1905 இல் நடக்கவில்லை

1905 ஜனவரியில் இதே நகரத்தில், அப்போது பெயர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க், கபோன் என்ற பாதிரியாரின் பின்னால் தொழிலாளர்கள் ஜாரின் படத்தையும் சாமி படங்களையும் ஏந்தி மனுக் கொடுக்கப் போனார்கள். படை சுட்டது. அரசுக் கணக்கிலேயே சுமார் 130 பேர் செத்தார்கள். நாடு கொந்தளித்தது. தூரக்கிழக்கில் ஜப்பானிடம் தோல்வி மேல் தோல்வி. பொட்டெம்கின் கப்பலில் மாலுமிகள் கலகம் செய்தார்கள். பசி, போர், அவமானம், எதற்கும் குறைவில்லை.

ஆனால் அந்தப் போர் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி நடந்தது, ஜார் அதைச் செப்டம்பரிலேயே சமாதானம் பேசி முடித்துக்கொண்டார். அக்டோபரில் 'டூமா' என்ற நாடாளுமன்றம் தருவதாக வாக்குக் கொடுத்து நடுத்தர வர்க்கத்தைப் பிரித்தெடுத்தார். டிசம்பரில் மாஸ்கோ எழுச்சியை அடக்க, ஜாரின் மெய்க்காவல் படையான காவலர் ரெஜிமென்ட்டை அனுப்பினார்; அவர்கள் போனார்கள், சுட்டார்கள். 1906 ஏப்ரலில் பாரிஸ் சந்தையில் 225 கோடி பிராங்க் கடன் கிடைத்தது. கையில் சமாதானம், பையில் பணம், பக்கத்தில் படை.

1917 இல் மூன்றும் இல்லை. சமாதானம் பேச நேச நாடுகள் விடாது. பணத்துக்கு அச்சகம்தான். படை? பழைய காவலர் ரெஜிமென்ட்டுகளின் பெயர் மட்டும் தலைநகரில் இருந்தது. அந்தப் பெயரைச் சுமந்த பழைய சிப்பாய்களில் பெரும்பாலோர் போர்முனையில் விழுந்துவிட்டார்கள். முகாம்களை நிரப்பியிருந்தவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட புதியவர்கள்: நேற்றுவரை ஏர் பிடித்தவர்கள், ஆலையில் வேலை பார்த்தவர்கள், நாற்பது வயதுக் குடும்பஸ்தர்கள். அடுத்த ரயிலில் போர்முனைக்கு அனுப்பப்படக் காத்திருந்தவர்கள். அவர்களுடைய மனைவிமார்தான் ஊரில் அந்த உதவித்தொகையை நம்பி, கடை வாசலில் வாலோடு வாலாக நின்றார்கள். துப்பாக்கி பிடித்தவனுக்கும் வரிசையில் நின்றவளுக்கும் குடும்பம் ஒன்றாக ஆகிவிட்டது. இரண்டரை ஆண்டுப் போர் செய்த பெரிய காரியம் இதுதான். ஜெர்மனியிலும் 1918 நவம்பரில் மன்னர் விழுந்தது, மாலுமிகள் கப்பலை எடுக்க மறுத்து, கீல் துறைமுகத்தில் கலகம் செய்த பிறகுதான்.

மீதி வேகமாக நடந்தது. நிக்கோலஸ் தலைநகரம் திரும்பப் புறப்பட்ட ரயில் வழியில் மறிக்கப்பட்டு, சுற்றி அலைந்து ப்ஸ்கோவ் நகரில் நின்றது. தளபதிகளிடம் தந்தியில் கருத்துக் கேட்கப்பட்டது. விலகுவதே நல்லது என்றார்கள். ஜாருக்குச் சித்தப்பா முறையான நிக்கோலாய் இளவரசரும் அதையே சொன்னார். மார்ச் 2 அன்று ரயில் பெட்டியிலேயே கையெழுத்து. 1613 இல் தொடங்கிய ரோமனோவ் வம்சம் முடிந்தது.

அதே வரிசை, அடுத்த ஆட்சி

புதிதாக வந்த தற்காலிக அரசு போரைத் தொடர்ந்தது. கோடையில் அதன் போர் அமைச்சர் கெரென்ஸ்கி நடத்திய தாக்குதல் தோற்று, சிப்பாய்கள் நிலம் பங்குபோடப்படுகிறது என்று கேள்விப்பட்டு ஊரைப் பார்க்கக் கிளம்பினார்கள். ரொட்டி வரிசை நீண்டதே தவிரக் குறையவில்லை. அக்டோபரில் 'சமாதானம், நிலம், ரொட்டி' என்று சொன்ன போல்ஷெவிக்குகள் ஆட்சியைப் பிடித்தபோது, அந்த அரசைக் காப்பாற்ற அதிகம் பேர் வரவில்லை.

லெனினுக்கும் அதே கணக்குத்தான் காத்திருந்தது. விவசாயிக்குக் கொடுக்கப் பொருள் இல்லை, நோட்டுக்கு மதிப்பு இல்லை, நகரம் பசிக்கிறது. உள்நாட்டுப் போர் வேறு. ரித்திக்கின் ரஸ்வியோர்ஸ்த்காவையே 1919 இல் எடுத்து, கூடவே ஆயுதப் படையையும் கிராமத்துக்கு அனுப்பினார்கள். 1921 ஜனவரியில் ரொட்டிப் பங்கீடு மூன்றில் ஒரு பங்கு வெட்டப்பட்டது. பிப்ரவரியில் பெட்ரோகிராட் ஆலைகளில் வேலைநிறுத்தம், பக்கத்துக் கிரான்ஸ்டாட் தீவுக் கோட்டையில் மாலுமிகள் கலகம். நான்கு ஆண்டுக்கு முன் பார்த்த அதே காட்சி.

இந்த முறை ஆட்சி இரண்டு வேலையை ஒரே வாரத்தில் செய்தது. மார்ச் 15 அன்று, இனி விவசாயியிடம் தானியத்தைப் பிடுங்குவதில்லை, குறிப்பிட்ட வரி மட்டும், மிச்சத்தை அவரே விற்றுக்கொள்ளலாம் என்று கட்சி மாநாடு முடிவெடுத்தது. மறுநாள் இரவு படை உறைந்த கடல்மேல் நடந்து கிரான்ஸ்டாட்டைத் தாக்கப் புறப்பட்டது. முதல் தாக்குதல் தோற்றிருந்ததால், சிப்பாய்களுக்குத் தெம்பூட்ட மாநாட்டுப் பிரதிநிதிகள் சுமார் 300 பேர் கூடவே போனார்கள். சிப்பாய்கள் சுட்டார்கள். கலகம் முடிந்தது.

அந்த ஆண்டு வோல்கா கரையில் மழை பொய்த்தது. முந்தைய ஆண்டுகளில் பிடுங்கியது போக, விதைக்கே தானியம் மிச்சமில்லாத கிராமங்கள் அவை. 1921-22 பஞ்சத்தில் இறந்தவர்கள் சுமார் 50 லட்சம் பேர். 1917 பெட்ரோகிராட்டின் பசி இதன் பக்கத்தில்கூட வராது. ஆட்சி மாறவில்லை. சாகிறவர்கள் கிராமத்திலிருந்து ரயில் நிலையங்களுக்கு நடந்துவந்து, வராத ரயிலுக்காக நடைமேடையில் காத்துக் கிடந்தார்கள்.